தேதி எழுதாத படம்

அத்தியாயம் 14

மஞ்சக்குப்பத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, புஷ்பவள்ளி வீட்டுக் கொடியில் துணிகளுக்குப் பதிலாக உறவுக்காரர்கள் காய்ந்துகொண்டிருந்தார்கள். மாலையும் கழுத்துமாக ஒரு மாப்பிள்ளை, மொட்டைத் தலையோடு வீறிட்டு அழும் ஒரு குழந்தை, கேமராவைப் பார்க்கச் சொன்னதால் விறைத்துப்போன நாலு அத்தைகள். எல்லோரையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தாள்.

‘தானே’ புயல் கடலூரைப் புரட்டிப் போட்டு இருபத்து மூன்று நாளாகிறது. பின்கட்டு ஆஸ்பெஸ்டாஸ் பறந்ததில் டிரங்குப் பெட்டி நனைந்தது. உள்ளே இருந்த நாற்பது வருஷத்துப் போட்டோக்களும் நனைந்தன. ஒட்டிக்கொண்டதையெல்லாம் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, ஒவ்வொன்றாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தப் புயலாவது ஒரு ராத்திரியோடு கரையைக் கடந்தது. போன வாரம் மகன் செந்தமிழ்செல்வன் வீட்டுக்குள் கிளப்பியது இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தது. நாளைக்குத் தை அமாவாசை. தேவனாம்பட்டினம் கடலில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடப்போவதாக அவன் சொல்லிவிட்டான்.

அப்பா செத்துவிட்டாரா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 1990 ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, தேவநாதன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, காடாம்புலியூர் முந்திரித் தோப்பு வரைக்கும் போய்விட்டு வருவதாகச் சொல்லி சைக்கிளில் கிளம்பினார். சைக்கிள் பஸ் ஸ்டாண்டில் பூட்டியபடி கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. சண்டை இல்லை, கடிதம் இல்லை, வேறொரு பெண் என்று ஊர்க்காரர்களால்கூட கண்டுபிடித்துச் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு வருஷம் தாண்டிவிட்டால் போனவராகவே நினைத்துச் செய்யலாம் என்று ஐயர் சொன்னாராம். இங்கே இருபத்தோரு வருஷம் ஆகிவிட்டது.

புஷ்பவள்ளிக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான். நாளைக்கு மகன் கையிலிருந்து அந்தத் தண்ணீர் விழுந்தால், அவள் நெற்றியில் இருக்கும் பொட்டும் கழுத்தில் இருக்கும் தாலியும் பொய்யாகிவிடும்.

மகள் சந்திரலேகா சிதம்பரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு கட்டு லேபிள். பள்ளிக்கூட நோட்டில் ஒட்டுவது. பெயர், வகுப்பு, பிரிவு, பாடம் என்று கோடு போட்டது.

“கடையில இதாம்மா இருந்துச்சி. போட்டோ பின்னாடி ஒட்டிட்டா போதும்.”

“வகுப்புன்னு போட்டிருக்கே? உங்க பெரியத்த பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லியேடி.”

“வகுப்புல வருஷத்தப் போடுவோம். பாடத்துல இன்னா விசேஷம்னு எழுதுவோம்.”

புஷ்பவள்ளி சிரித்துவிட்டாள். ஒரு வாரமாகச் சிரிக்காத வாய்.

தாயும் மகளும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். வருஷம் சொல்வது அம்மாவின் வேலை. எழுதுவது மகளின் வேலை. புருஷன் போன பிறகு தையல் மிஷினை மிதித்தே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியவள் புஷ்பவள்ளி. அவள் போட்டோவில் முகத்தைப் பார்த்து வருஷம் சொல்வதில்லை. துணியைப் பார்த்துச் சொல்வாள்.

“இந்த ஜாக்கெட்டுக்குப் பஃப் கை வெச்சிருக்குது பாரு. எழுவத்தி மூணு. செல்வனுக்குப் பேரு வெச்சி அடுத்த வருஷம்.”

“இதும்மா?”

“உங்க சித்தப்பா பேண்ட்டு. கீழ பார்த்தியா, தெருவக் கூட்டுற மாதிரி அகலம். எழுவத்தெட்டு.”

“இது?” சந்திரலேகா நீட்டிய படத்தில் தேவநாதன் ஒரு பழைய ஸ்கூட்டர்மேல் சாய்ந்து நின்றார். ஸ்கூட்டர் அவருடையது இல்லை.

“எண்பத்தி ரெண்டு. பேருல அவுங்கன்னு போடு.”

“அவுங்கன்னா யாரும்மா? நாளைக்குப் பார்க்கிற பிள்ளைங்களுக்கு இன்னா தெரியும்?”

“நான் அவுங்கன்னு சொன்னா யாரச் சொல்லுவேன்? ஊருல ஒருத்தரத்தான் சொல்லுவேன்.”

கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில் புருஷன் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. போலீஸ் ஸ்டேஷனில் காணவில்லை என்று எழுதிக் கொடுக்கப் போன அன்றுகூட, பெயரைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார். சந்திரலேகா பெருமூச்சு விட்டு ‘அவுங்க’ என்றே எழுதினாள். வகுப்பு, 1982. அடுத்த கோட்டில் பேனா நின்றது.

“பிரிவ விட்டுடறேம்மா. அதுல எழுத எதுவும் இல்ல.”

“ஏன் இல்ல? எழுதிக்கோ. ஐப்பசி, தொண்ணூறு.”

சொல்லிவிட்டு அவளே எழுந்து, காய்ந்துவிட்ட அத்தைகளை எடுக்கப் போய்விட்டாள். சந்திரலேகா அந்தக் கோட்டை வெறுமனே விட்டு லேபிளை ஒட்டினாள்.

பத்தரை மணிக்கு செல்வன் வந்தான். முப்பத்தொன்பது வயது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன். பெண்டாட்டி பிள்ளைகள் பொங்கலுக்கு மங்கலம்பேட்டை போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. கையில் காகிதம் சுற்றிய பெரிய ஃபிரேம். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

“இன்னாடா அது?”

“அப்பா படம்மா. ஸ்கூட்டர் போட்டோவத்தான் ஸ்கேன் எடுக்கக் குடுத்துட்டுத் திருப்பிக் கொண்டாந்து வெச்சேன். முகத்த மட்டும் பெருசு பண்ணிக் குடுன்னேன். நாளைக்குப் படைக்கணும்ல.”

காகிதத்தைப் பிரித்தான். தேவநாதன் நீல வானத்துக்கு நடுவில் இருந்தார். கம்ப்யூட்டரிலேயே நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கழுத்தில் ரோஜா மாலையும் போட்டிருந்தார்கள். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வேறு. அடியில் கொட்டை எழுத்தில் ‘தோற்றம்: 1945. மறைவு:’ என்று இருந்தது. மறைவுக்கு எதிரே வெற்றிடம்.

“நான் சொல்லலம்மா,” என்றான் செல்வன் அவசரமாக. “பழைய போட்டோவ பெருசு பண்ணக் குடுத்தாலே ஸ்டுடியோகாரன் அப்படித்தான் நினைச்சிக்கிறான். தேதி தெரியலன்னு சொன்னேன். பரவால்ல, நீங்களே பேனாவுல எழுதிக்கலாம்னான்.”

புஷ்பவள்ளி அந்த வெற்றிடத்தையே பார்த்தாள்.

“எழுதேன். இன்னா தேதி போடுவ? நாளைக்கி தேதியா?”

“யம்மா…”

“இருவது வருஷமா இந்தக் கதவுல யாரு கை வெச்சாலும் நான் எழுந்திரிச்சிப் பார்த்திருக்கேன். அந்தக் கதவ நாளைக்கு நீ சாத்தப்போற. அதானே?”

“நீ எதையும் கழட்ட வேணாம். பொட்டு வெச்சிக்கோ, பூ வெச்சிக்கோ. ஊருல யாரு கேக்கப் போறா?”

“ஊரு கேக்காதுடா. கண்ணாடியில நான் கேப்பேன்.”

செல்வன் ஃபிரேமைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அம்மாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். குரல் இறங்கிவிட்டது.

“ஒவ்வொரு அமாவாசையும் நான் கடக்கரைக்குப் போறது உனக்குத் தெரியாது. சும்மாதான் போவேன். என் வயசுக்காரன் எல்லாம் தண்ணியில நின்னு அப்பா பேரச் சொல்லுவான். நான் மணல்ல நின்னு பார்த்துட்டு வருவேன். இருக்காருன்னு பக்கத்துல உக்காரவும் முடியல, இல்லன்னு கும்பிடவும் முடியல. எனக்கும் அப்பா வேணும்மா. உசுரோட இல்லன்னா, செத்தவராவாவது வேணும்.”

புஷ்பவள்ளிக்கு மகன்மீது கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வரவில்லை. பதினெட்டு வயதில் அப்பாவைத் தேடிப் பஸ் ஸ்டாண்ட் பஸ் ஸ்டாண்டாக அலைந்துவிட்டு, செருப்பு அறுந்து வீட்டுக்கு வந்த பிள்ளை அவன்.

“போய் எள்ளு வாங்கிட்டு வா,” என்றாள் கடைசியில். “அகத்திக்கீரையும் வாழைக்காயும் நாளைக்குக் கிடைக்காது. இன்னிக்கே வாங்கிடு.”

அவன் போனான். கொஞ்ச நேரத்தில் கோந்து தீர்ந்துவிட்டது என்று சந்திரலேகாவும் கடைக்குக் கிளம்பினாள். வாசல்படியில் திரும்பி, “கொடியில இருக்கிறத மட்டும் எடு, சுவத்துல மாட்டினதத் தொடாத, அத நான் வந்து பார்த்துக்கறேன்” என்றாள். எதற்குச் சொல்கிறாள் என்று புஷ்பவள்ளி யோசிக்கவில்லை.

தனியாக இருந்தபோது அவளுக்கு ஒரு ஆசை வந்தது. சுவரில் மாட்டியிருந்த கல்யாண போட்டோவுக்குத் தானே லேபிள் எழுத வேண்டும். நனையாமல் தப்பித்த ஒரே படம் அது. ஆனாலும் கண்ணாடிக்குள் ஈரம் கோத்திருந்தது. ஸ்டூல் போட்டுக் கழற்றி, மடியில் கவிழ்த்து வைத்து, பின்பக்க ஆணிகளைக் கத்தரிக்கோல் முனையால் நெம்பினாள். அட்டை வந்தது. அட்டைக்கும் கல்யாண போட்டோவுக்கும் நடுவில் இன்னொரு போட்டோ இருந்தது.

கலர் போட்டோ. முதலில் அவள் கண்ணில் பட்டது ஒரு கவுன். பச்சைப் பூனம் துணி, நெஞ்சில் சுருக்குத் தையல், கையில் வெள்ளை லேஸ். அவள் தைத்ததுதான். பேத்தி பொன்னிக்கு, சந்திரலேகாவின் மகளுக்கு, அஞ்சு வயது முடிந்த ஆடியில் தைத்தது. அப்படியானால் 2006.

பொன்னி யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்திருந்தாள். அடுத்து அந்த ஆளின் சட்டை தெரிந்தது. சாம்பல் கலரில் பொடிக்கட்டம். அதுவும் அவள் தைத்ததுதான். சம்பந்தி சபாநாயகத்துக்கென்று சந்திரலேகா துணி வாங்கி வந்து, அளவு எழுதின சீட்டையும் கொடுத்தாளே, அந்தச் சட்டை. வருஷா வருஷம் தீபாவளிக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று. சம்பந்தி தொந்தியும் தொப்பையுமான மனிதராயிற்றே, இந்த அளவு எப்படிப் போதும் என்று ஒருதரம் கேட்டாள். அவருக்குச் சரியாத்தாம்மா இருக்குது என்றாள் மகள். சம்பந்தியை ஏறிட்டுப் பார்த்துப் பேசுகிற வழக்கம் இல்லை. அவர் உடம்பில் தன் சட்டை எப்படி இருக்கிறது என்று பார்ப்பது அதைவிட மோசம். அதனால் அதோடு விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

தாடி நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. பின்னால் கோயில் கோபுரம். பேத்தியின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், விட்டால் ஓடிவிடுவாள் என்கிற மாதிரி. கேமராவைப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அவர் பார்க்கவில்லை.

புஷ்பவள்ளி போட்டோவை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நெஞ்சுக்குள் முதலில் வந்தது சந்தோஷம். வெட்கமில்லாத, வயசுப் பெண்ணுக்கு வருகிற மாதிரியான சந்தோஷம். இளைத்துப் போய்விட்டாரே என்கிற தவிப்பு அடுத்து வந்தது. கோபம் கடைசியில்தான் வந்தது. அது வந்த நேரம், கோந்து பாட்டிலோடு மகள் வாசலில் நின்றாள்.

சந்திரலேகா பிரிந்து கிடந்த ஃபிரேமைப் பார்த்தாள். அம்மா கையிலிருந்ததைப் பார்த்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அஞ்சி வருஷம்டி,” என்றாள் புஷ்பவள்ளி. “மாசா மாசம் வந்து என் கையால சோறு தின்னுட்டுப் போனியே. எப்படிடி தொண்டையில எறங்கிச்சி?”

“சத்தியம் வாங்கிட்டாரும்மா. பொன்னி தலையில கைய வெக்கச் சொல்லி. நான் என்ன பண்ணுவேன்?”

துண்டு துண்டாகச் சொன்னாள். சிதம்பரம் தெற்கு வீதிப் பக்கம் ஒரு சின்ன மடம். கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அறைச் சாவி கொடுப்பது, பாய் போடுவது அவர் வேலை. பொன்னிக்குச் செருப்பு வாங்கப் போன வழியில் பார்த்தாள். அப்பா என்று கூப்பிட்டதும் சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டார். தேர் நிற்கிற இடத்தில் கேமராவோடு சுற்றுகிற ஒருவர் எடுத்தது அந்தப் போட்டோ. புகுந்த வீட்டில் வைக்க முடியவில்லை. கிழிக்கவும் மனம் வரவில்லை.

“இங்க கொண்டாந்து உங்க ரெண்டு பேரு கல்யாண போட்டோவுக்குப் பின்னாடி வெச்சேன். உன் பக்கத்துலயாவது இருக்கட்டும்னு.”

“ஏன் போனாங்களாம்?”

“கேட்டேம்மா. அன்னிக்கி சாயங்காலமே வந்துடலாம்னுதான் இருந்தாராம். மனசு ஒரு மாதிரியா இருந்துச்சாம், சிதம்பரத்துல ஒரு நாள் தங்கிட்டாராம். மறுநா வந்தா நீ கேப்பியே, இன்னா சொல்றதுன்னு இன்னொரு நாள் தங்கினாராம். அப்படியே வாரமாயி, மாசமாயி… வருஷம் ஆனப்புறம் எந்த மொகத்த வெச்சிக்கிட்டு வர்றதுன்னு கேட்டாரு. அம்மா வந்து நின்னா இந்த ஊரையும் விட்டுப் போயிடுவேன்னாரு.”

“மறுநா வந்திருந்தா திட்டியிருப்பேன். அவ்ளோதானே?” என்றாள் புஷ்பவள்ளி. “திட்டிட்டு வெந்நி போட்டுக் குடுத்திருப்பேன். அதுக்குப் பயந்தா இருவத்தோரு வருஷம்?”

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு நாள். ஒரு நாள் தாமதத்துக்கு வெட்கப்பட்டு ஒரு ஆயுசையே தள்ளிவிட்ட மனுஷன். இப்படியும் ஒரு பைத்தியம் உண்டா என்று ஆத்திரம் வந்தது. அந்தப் பைத்தியத்தை இந்த நிமிஷமே பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

“சட்ட யாரு தைச்சதுன்னு தெரியுமா அவுங்களுக்கு?”

“நான் சொல்லலம்மா. மொத சட்டயக் குடுத்ததும் காலரத் திருப்பிப் பார்த்தாரு. பட்டன் காஜாவத் தடவிப் பார்த்தாரு. ‘உங்கம்மாவுக்கு இன்னும் கண்ணு நல்லாத் தெரியுதா’ன்னு மட்டும் கேட்டாரு.”

புஷ்பவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போன தீபாவளிக்குத் தைத்தது கோடு போட்ட வெள்ளை. அப்படியானால் ஐப்பசி வரைக்கும் இருந்திருக்கிறார்.

“இப்ப எங்க? ஏண்டி உங்கண்ணன் தண்ணி விடறேன்னப்ப வாய மூடிக்கிட்டு இருந்த?”

சந்திரலேகா தரையைப் பார்த்தாள்.

“புயலுக்கு மடத்து ஓடெல்லாம் போயிடுச்சிம்மா. சுவரு ஒண்ணு விழுந்துடுச்சி. பூட்டிட்டாங்க. ரெண்டு தரம் போனேன், யாருமே இல்ல. வாசல்ல பூ விக்கிற லோகநாயகி அம்மாவக் கேட்டேன். ஒரு பெரியவரத் தலையில அடிபட்டுத் தூக்கிட்டுப் போனாங்க, அது யாருன்னு தெரியல, மத்தவங்க ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்கன்னாங்க. எனக்குப் பயமாயிடுச்சி. நெசமாவே போயிட்டாரோ, அதான் அண்ணன் மனசுல இப்படித் தோணுதோன்னு…”

“அப்புறம்?”

“நாளைக்கு அமாவாசை சாப்பாட்டுக்கு மடத்தத் தொறக்கறாங்களாம். போனவங்க எல்லாரும் பந்தி பரிமாற வந்துடுவாங்களாம். இருந்தா வருவாரு.”

இருந்தா வருவாரு. புஷ்பவள்ளி அந்த இரண்டு வார்த்தையையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். இருபத்தோரு வருஷத்துக்கு விடை நாளைக்கு ஒரு சாப்பாட்டுப் பந்தியில் இருக்கிறது.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. செல்வன் எள் பொட்டலம், தர்ப்பைக் கட்டு, கீரை எல்லாவற்றையும் கூடத்தில் வைத்தான். அம்மா அழுதிருப்பதும் தங்கை அழுதுகொண்டிருப்பதும் அவனுக்குத் தெரிந்தது. தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டான்.

“வேணாம்னா விட்டுடறேம்மா.”

“விட வேணாம். நாளைக்குக் கடலுக்குப் போ. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போ. ஐயர உக்கார வெய்யி. ஆனா நான் போன் பண்ற வரைக்கும் தண்ணி விடாத.”

“பன்னெண்டுக்குள்ள முடிக்கணும்மா.”

“பன்னெண்டு வரைக்கும் நில்லு. முட்டிக்கால் தண்ணியில போனக் கையில வெச்சிக்கிட்டு நில்லு. நான் சிதம்பரத்துலேருந்து கூப்புடுவேன்.”

“சிதம்பரத்துல இன்னாம்மா இருக்குது?”

அவள் எள் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள். “‘விடு’ன்னு நான் சொன்னா, எள்ளும் தண்ணியும் விட்டுடு. தடுக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து நானே எல்லாத்தையும் கழட்டி வெச்சிடறேன். ‘வா’ன்னு சொன்னா, அப்படியே போட்டுட்டு பஸ் ஏறி வா.”

செல்வன் தங்கையைப் பார்த்தான். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும், கடை முதலாளி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், பதினெட்டு வயதுப் பையன் குரலில் கேட்டான்.

“இப்பவே போவலாம்மா. நானும் வரேன்.”

“நீ வேணாம். ஆம்பளப் புள்ள நீ போயி எதிர்ல நின்னா, கூசிப்போயி மறுபடி கெளம்பிடுவாங்க. நான் போனா திட்டுவேன். திட்டு வாங்க நிப்பாங்க. அது எனக்குத் தெரியும்.”

அவன் தலையாட்டினான். அப்புறம் வேறு எதையும் கேட்கத் தைரியம் இல்லாமல், சின்னதாக ஒன்றைக் கேட்டான்.

“அலை சத்தத்துல நீ சொல்றது சரியா கேக்குமாம்மா?”

“கேக்கலன்னா திருப்பிக் கேளு,” என்றாள் புஷ்பவள்ளி. “ரெண்டுல எதச் சொன்னாலும் நான் அழுதுக்கிட்டுத்தான்டா சொல்லுவேன். அழுகைய வெச்சி முடிவு பண்ணிடாத. வார்த்தையக் கேட்டுக்கோ.”